பத்துப் பேர் ஆடிய ஆட்டம்

மகனே,

நீ கேட்ட இரண்டு பக்கம் இது இல்லை. கழகத்தின் ஆண்டு மலருக்கு "பத்துப் பேருடன் வென்ற வரலாற்று ஆட்டம்" என்று தலைப்பும் போட்டு, படத்துக்கு இடமும் விட்டு, "அப்பா, இதை மட்டும் நிரப்பித் தாங்கோ" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். மூன்று வாரமாக நீ நினைவூட்ட, நானும் கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது, பேனை எழுதவில்லை என்று ஒவ்வொரு சாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேனையில் ஒரு பிழையும் இல்லை. நேற்று உன் அம்மா ஒரு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்கோ, பிள்ளையை அலைக்கழிக்காதேங்கோ" என்று ஏசிவிட்டுப் போனாள். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். நீ இப்போது கழகத்தின் செயலாளர். நான் இருந்த கதிரையில்தான் நீ இருக்கிறாய். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நான் செய்த காரியத்தை நீ என் வாயால் அறியவேண்டும், வேறொருவர் வாயால் அல்ல.

கழகத்தின் தொடக்கத்தை நீ எழுதியிருந்ததைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சீனிதான் கூடிவிட்டது. ஊரின் ஒற்றுமைக்காகத் தொடங்கப்பட்டது என்கிறாய். ஒற்றுமையாவது கத்தரிக்காயாவது! திருவிழாவில் மாதாவின் சொரூபக் கூட்டை எந்தத் தெருக்காரர் முன்னால் பிடித்துத் தூக்குவது என்று சண்டை வந்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அப்போதிருந்த பங்குச் சுவாமி அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்து கோவில் முற்றத்தில் போட்டு, "இனி அடிபடுறதெண்டா இதை அடியுங்கோ" என்றாராம். அதுதான் கழகம். இரண்டு பனங்குற்றிகள் கோல் கம்பம், உடைந்த வள்ளத்தின் பாய்மரம் குறுக்குக் கம்பம், தைத்துத் தைத்து அலுத்துப்போன மீன்வலை கோல் வலை. மைதானம் என்று நீ பெருமையாக எழுதுகிற அந்த மணல்வெளியில் எங்களைவிடக் கழுதைகளுக்குத்தான் உரிமை அதிகம். ஆட்டம் தொடங்குமுன் அவற்றைத் துரத்துவதும் செயலாளரின் வேலையாக இருந்தது. இதையெல்லாம் மலரில் போடு, வாசிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிக்கக் கூடிய பகுதி இத்தோடு முடிகிறது.

எங்கள் ஊரில் பந்தாடுகிறவன் முதலில் காற்றைப் பழகவேண்டும். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் நேரே உதைத்த பந்து நேரே போகாது, இடது பக்கமாக விலகிக் கோட்டைத் தாண்டிவிடும். அந்தக் காற்றை எங்களில் எவரையும்விட நன்றாக அறிந்தவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை. மரியதாஸ் என்று பெயர், எங்களுக்குத் தாசன். முள்ளிக்குளத்துப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து, கோவில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் தங்கையோடு இருந்தான். தாய் தகப்பன் இல்லை. அந்தத் தங்கைதான் றீற்றா. ஆண்டு விழாவுக்கு நறுவிலிக்குளத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாளே, நீ ஓடிப்போய்க் கதிரை போட்டுக் கொடுக்கிறாயே, அதே றீற்றா மாமி. வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்த் தொலைந்த அண்ணன் என்று அவள் சொல்லி நீ கேட்டிருப்பாய். அந்த அண்ணன்தான் தாசன். அவன் வள்ளத்தில் போகவில்லை.

தாசன் எங்கள் வள்ளங்களில் கூலிக்குத் தொழிலுக்குப் போவான், பின்னேரம் மைதானத்துக்கு வருவான். சப்பாத்து இல்லை, வெறுங்கால். பந்தைக் காற்றிலே தூக்கி உதைத்துவிட்டு, அது திரும்பி வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பான். அவனை மறிக்கப் போகிறவன் வெறும் மணலை உதைத்துவிட்டு விழுவான். நான் ஆடிய இடமும் இடது ஓரம்தான். பயிற்சியில் அவன் எனக்கு எதிராக நின்றால் என் பாடு பெரும்பாடு. "செயலாளர், நீங்கள் லிஸ்ட் எழுதுங்கோ, ஓடுறதை நான் பாக்கிறன்" என்று பகிடி பண்ணுவான். எனக்குக் கோபம் வராது என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் ஊருக்குள் எனக்கு இருந்த நல்ல கூட்டாளியும் அவன்தான். கழகத்தில் அவன் பெயர் பதியப்படவில்லை. அவனுடைய குடும்ப அட்டை வேறு இடத்தில் இருந்தது, அடையாள அட்டையோ இடம்பெயரும்போது தொலைந்து போயிற்று. அதனால் பயிற்சியில் மட்டும் ஆடினான்.

அந்த வருடம் இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை, நறுவிலிக்குளத்தில். இப்போது நீ அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்வருகிற இடம். அந்தக் காலத்தில் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலப் பக்கம் போவதென்றால் ஒவ்வொருவருடைய பெயரையும் அட்டை இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துப் பாஸ் எடுக்கவேண்டும். வழியில் ஆமிக்காரரின் சாவடிகளில் அந்த லிஸ்டைப் பார்த்து ஆள் ஆளாகக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். பதினொரு வீரர்களின் பெயரையும் என் கையால், என் அழகான கையெழுத்தால் எழுதிக் கொடுத்தேன். மேலதிக ஆட்களுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. புதன்கிழமைப் பயிற்சியில் என் முழங்கால் திரும்பியது. உன் கட்டுரையில் இருக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது. செயலாளர் காயப்பட, மாற்று ஆள் இல்லாமல், பத்தே பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லொறி ஏறினார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஊரே அப்படித்தான் சொல்கிறது. நான்தான் முதலில் அப்படிச் சொன்னேன்.

லொறியில் ஏறியது பதினொரு பேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் கப்டன் எட்வின் என் வீட்டுக்கு வந்து, "டேய், தாசன் உன்ர பேரில வரட்டும். உன்ர ஐசியைத் தா" என்றான். கள்ளப் பெயரில் ஆள் இறக்குவது அப்போது புதுமை இல்லை. எல்லாக் கழகமும் செய்தது, நடுவர்களுக்கும் தெரியும். என் அடையாள அட்டையில் இருந்த படமும் தண்ணீர் பட்டு மங்கியிருந்தது, அதில் இருப்பது நான் என்று என்னைப் பெற்றவர்களே சத்தியம் பண்ணமாட்டார்கள். நான் அட்டையைக் கொடுத்தேன். என் ஜேர்சியையும் சப்பாத்தையும் கொடுத்தேன். சப்பாத்து அவனுக்குப் பெரிது. முன்னால் கடதாசி கசக்கி வைத்து, என் முற்றத்தில் இரண்டு தரம் ஓடிப் பார்த்துவிட்டு, "செயலாளர், நாளைக்கு நான்தான் நீங்கள்" என்று சிரித்தான். றீற்றாவுக்கு எதுவும் சொல்லவேண்டாம், கோப்பையோடு வந்து திடுக்கிட வைப்போம் என்றான். ஆட்டத்தன்று அவள் வேறொரு வீட்டில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எங்கே போனான் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

மீதியை எட்வின் சொல்லித்தான் அறிவேன். ஒரு சாவடியில் லிஸ்டை வாசித்தார்கள். என் பெயர் வந்ததும் வாசித்தவன் நிறுத்தி, உள்ளே போய், இன்னொரு கடதாசியோடு வந்து, மறுபடியும் என் பெயரை வாசித்தான். இறங்கச் சொன்னார்கள். தான் அந்த ஆள் இல்லை என்று தாசன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் லிஸ்ட் பொய், பாஸ் பொய், லொறியில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் இறங்கவேண்டும். அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றி லொறித் தட்டில் வைத்தான். "ஆருக்கும் தேவைப்படும்" என்றானாம். பிறகு எட்வினிடம், "நீங்கள் போங்கோ, ஆட்டம் பிந்தப் போகுது. நான் பின்னால வாறன்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போனான். இவர்களும் போனார்கள். ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார்களாம். பத்துப் பேரோடு ஆடினார்கள், இடது ஓரத்தில் ஒருவரும் இல்லாமல். ஒரு கோலில் வென்றார்கள். திரும்பி வரும்போது சாவடியில் கேட்க, அப்படி ஒருவரையும் இறக்கவில்லை என்று பதில் வந்தது.

லொறி ஊருக்குள் வந்த சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். ஓடினேன் என்பதைக் கவனி. கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்திய சனம் முன்னால், தலையைத் தொங்கப் போட்டபடி எங்கள் ரீம் பின்னால். எட்வின் என் சப்பாத்தை என் கையில் தந்தான். அதற்குப் பிறகு கோவிலுக்குள் வைத்துப் பத்துப் பேரும் நானும் ஒரு முடிவு எடுத்தோம். போய்க் கேட்பதென்றால் என் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். "உன்ர வீட்டாக்கள் போய் உன்ர பேரில அழுது கேக்கட்டும், அதுதான் வழி" என்றான் எட்வின். நான் மாட்டேன் என்றேன். நான் இங்கே உயிரோடு இருப்பது தெரிந்தால் லிஸ்ட் எழுதியவனையும் பிடிப்பார்கள், உங்கள் எல்லோரையும் பிடிப்பார்கள் என்று பயம் காட்டினேன். அவர்களும் பயந்தார்கள். தாசன் விடிய வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று றீற்றாவிடம் சொல்லத் தீர்மானித்தோம். சொல்லப் போனவன் நான். அவள் உலக்கையைப் பிடித்தபடி, "எனக்குச் சொல்லாமப் போகமாட்டானே, அண்ணை" என்றாள். "அவசரத்தில போனவன், பிள்ளை, கடிதம் போடுவான்" என்றேன். முதலில் பயத்துக்காகச் சொன்ன பொய். பயம் போன பிறகு கோப்பைக்காகச் சொன்னோம். கோப்பை கறுத்துப்போன பிறகு பழக்கத்துக்காகச் சொன்னோம்.

மகனே, இதுவரை எழுதியது எட்வினுக்கும் தெரியும். அவன் கனடாவில் இருக்கிறான், மற்றவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். உன் அம்மாவுக்கும் இவ்வளவு தெரியும். இனி எழுதப்போவது எனக்கு மட்டும் தெரிந்தது. சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. அந்த வியாழக்கிழமை சங்கக் கடைக்கு மாவு வாங்கப் போனபோது, மனேஜர் என்னைச் சாக்குகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "தம்பி, சாவடியில உன்ர பேரைச் சொல்லி ஆரெண்டு விசாரிச்சவங்களாம். கொஞ்ச நாளைக்குப் பாலம் தாண்டாத" என்றார். ஏன் விசாரித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பெயரில் வேறு யாராவது இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும், என் பெயர் அங்கே காத்திருக்கிறது என்று. வெள்ளிக்கிழமை என் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. நான் ஆடியிருக்கலாம். எட்வின் அட்டையைக் கேட்டபோது, மனேஜர் சொன்னதைச் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் பத்துப் பேராகிவிடும், இறுதி ஆட்டம் போய்விடும். நான் பயந்து ஒளிக்கிறேன் என்று தாசன் சிரிப்பான். முகத்தைப் பார்த்தால் இவன் வேறு ஆள் என்று விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அவன் என் முற்றத்தில் சப்பாத்தோடு ஓடிப் பார்த்தபோது நான் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு என்னை ஒருவரும் தேடவில்லை. ஏன் தேடுவார்கள், என்னைத்தான் பிடித்தாயிற்றே. மாதம் ஒன்று கழியுமுன் நான் வள்ளம் ஏறினேன். தாசன் போனதாக நாங்கள் சொன்ன அதே வழியில் நான் போனேன். அங்கே அகதி முகாமில் உன் அம்மாவைக் கட்டினேன், நீ பிறந்தாய். உனக்குப் பத்து வயதில் ஒரு நாள், பெட்டியின் அடியில் கிடந்த பழைய சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, தாசன் வைத்த கடதாசிக்கு மேலே நீயும் கடதாசி கசக்கி வைத்து, முகாம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாய். நான் வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். உதடு வெடித்து இரத்தம் வந்தது. ஏன் அடித்தீர்கள் என்று நீ அழுதாய், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ பிழை செய்யவில்லை, மன்னித்துக்கொள். அதேபோல், ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டால் நான் உடனே எழும்புவதில்லை, எனக்குக் காது மந்தம் என்று நீ நினைத்து டொக்டரிடமும் காட்டினாய். என் காது நன்றாகக் கேட்கிறது. என் பெயரை யாராவது உரத்துக் கூப்பிட்டால் தாசன் எழும்பட்டும் என்று என் உடம்பு இன்னும் காத்திருக்கிறது.

நாங்கள் ஊர் திரும்பிய அன்று நினைவிருக்கிறதா? சாமான்களை இறக்கு முன்னமே ஒரு பெண் படலையடியில் வந்து நின்றாள். கல்யாணம் முடித்து நறுவிலிக்குளத்துக்குப் போயிருந்தவள், நாங்கள் வருவது கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். "அண்ணை, அங்க முகாமுகளில எங்கட தாசனைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள். நீ பக்கத்தில் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். "எத்தினையோ முகாம், பிள்ளை. கண்டதா ஞாபகமில்லை" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, உனக்கு ஒரு பை பனங்கிழங்கு தந்துவிட்டுப் போனாள். காணாமற்போனவர்களுக்காகச் சனம் கந்தோர் கந்தோராகப் பெயர் பதிந்தபோதும் அவள் பதியவில்லை. "அவன் காணாமப் போகேல்லை, அக்கரைக்குப் போனவன்" என்று சொல்லிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவேண்டிய திசையை மாற்றிவிட்டவன் நான். பெரிய வெள்ளிக்குப் பேதுரு 'அவரை அறியேன்' என்று இயேசுவை மறுதலித்த பகுதியை வாசிக்கும்போது நான் ஏன் வெளியே போய் நிற்கிறேன் என்று நீ கேட்பதுண்டு.

இனி உங்கள் வழக்கத்துக்கு வருகிறேன். ஆண்டு விழா ஆட்டத்தில் முதல் பத்து நிமிடம் எங்கள் ரீம் பத்துப் பேரோடு ஆடுவது. அந்த வெற்றியின் நினைவாக யாரோ தொடங்கியது, இப்போது வெளியூர்க்காரரும் பார்க்க வருகிறார்கள். ஆடாத ஆளின் இடமாக இடது ஓரத்தை விடுகிறீர்கள். ஏன் இடது ஓரம் என்று உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. பந்து அந்தப் பக்கம் போனால் யாரும் ஓடுவதில்லை. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும், அது மெல்ல உருண்டு கோட்டைத் தாண்டும், சனம் கைதட்டும். போன வருடம் நான் றீற்றாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அப்படி ஒரு பந்து உருண்டு வந்து அவளுடைய காலடியில் நின்றது. அவள் சிரித்துக்கொண்டு அதை எடுத்து உள்ளே எறிந்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். "எங்கட தாசன் இருந்தா இதை வெளிய போக விட்டிருக்கமாட்டான், என்ன அண்ணை?" என்றாள். நான் ஓம் என்றேன். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. வெயில் பிடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன்.

அதனால் அந்த இரண்டு பக்கத்தை நான் நிரப்பித் தரமாட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைப் போடு, ஒரு சொல்லும் வெட்டாமல். மலர் வெளிவந்தால் கழகத்துக்கு அவமானம் என்று கூட்டத்தில் எழும்பிக் கத்துவார்கள். கத்தட்டும். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றால் கொடு. ஒன்று மட்டும் செய்யாதே: றீற்றா என் வாயால் கேட்பதற்கு முன் இதை அச்சுக்குக் கொடுக்காதே. அச்சில் பார்த்து அறிகிற கொடுமையையும் அவளுக்கு நான் செய்யக்கூடாது. அவள் என்னை அடிக்கலாம், மண்ணை வாரி எறியலாம், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தலாம். மன்னிக்கும்படி நான் கேட்கப்போவதில்லை. 'நான் பின்னால வாறன்' என்று அவன் சொல்லிவிட்டு இறங்கியதை அவளிடம் கொடுக்கவேண்டும். அது அவளுக்குச் சேரவேண்டிய சொல், இத்தனை வருடம் என்னிடம் கிடக்கிறது. நீயும் லிஸ்ட் எழுதும்போது ஆளின் முகத்தைப் பார்த்து எழுது. யாருக்கும் உன் பெயரைக் கொடுக்காதே, யாருடைய பெயரையும் வாங்காதே. ஒன்று தெரிந்தால், ஆட்டமே நின்றுபோனாலும், அந்த இடத்திலேயே சொல்லிவிடு.

உன் கூட்டாளியின் கல்யாணத்துக்கு நீ என்னை நறுவிலிக்குளத்துக்குக் கூப்பிட்டபோது காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். தனியாக இரண்டு தரம் பஸ் ஏறிப் பாலத்தடியில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன், அது உனக்குத் தெரியாது. அந்தச் சாவடி இருந்த இடத்தில் இப்போது ஒரு தேத்தண்ணிக் கடை என்று சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளைக் கொண்டு வா. வழியில் நான் திரும்பச் சொன்னாலும் திருப்பாதே. சப்பாத்தைத் துடைத்து ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், கடதாசி உள்ளே அப்படியே இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு எடுத்த புது அடையாள அட்டையைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை என் பெயரில் நானே வருகிறேன்.

உன் அப்பா